கொட்டாவி விடப் பயந்த அக்கா
தாடை மூட்டு நோவுக்கு ஊசி வைத்தியம் உதவுமா?

விசுவமடுவில் கச்சான் பிடுங்கும் காலத்தில் மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது லேசான காரியம் அல்ல. கூப்பிட்டால், "வெயில் ஏற முன்னம் இதை முடிக்க வேணும் பிள்ளை, நீங்கள் இஞ்சயே வாங்கோ" என்பார்கள். எனவே கூட்டத்தை நான் கச்சான் குவிந்து கிடக்கும் முற்றத்துக்கே கொண்டுபோய்விடுவேன். பதிவுப் புத்தகத்தில் மண் படும். பரவாயில்லை.

அப்படி ஒரு நாள் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக இருந்து செடியிலிருந்து கச்சானை ஆய்ந்துகொண்டிருந்தோம். நாலு கச்சான் சாக்குக்குள் போனால் ஒன்று வாய்க்குள் போகும். ஓர் அக்கா மட்டும் ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. நான் நீட்டியதையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் அவருக்குக் கொட்டாவி வந்தது. உடனே உள்ளங்கையால் நாடியைத் தாங்கிப் பிடித்து, வாயைத் திறக்க விடாமல் அதை அப்படியே விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னக்கா செய்யுது?"

"ஒண்டுமில்லை பிள்ளை. கொட்டாவி விட்டால் அலகு கொளுவுது. பிறகு மூடேலாது. அதுதான்."

ஒன்றுமில்லை என்று தொடங்கிய கதை ஒரு மணி நேரம் ஓடியது. காதுக்குள் குத்து என்று முதலில் காதுக்கு மருந்து விட்டிருக்கிறார். பிறகு தலையிடி என்று பனடோல். பிறகு கொடுப்புப் பல்தான் காரணம் என்று இரண்டு பற்களைப் பிடுங்கியாயிற்று. பிடுங்கிய இடம் ஆறியது, நோ ஆறவில்லை. மூன்று மாதமாகக் காலையில் கஞ்சி, மதியம் சொதியில் கரைத்த சோறு, இரவில் பிளேன்ரீயில் நனைத்த பிஸ்கட். இடியப்பத்தைக்கூட விரலால் பிய்த்துப் பிய்த்து உள்ளே தள்ள வேண்டியிருந்தது. மகளின் சாமத்தியச் சடங்குக்கு எடுத்த படத்தையும் இப்போதைய முகத்தையும் பார்த்தால் இரண்டும் ஒரே ஆள் என்று சொல்லமுடியாது. அவ்வளவு மெலிவு.

அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாதேங்கோ, மற்றதெல்லாம் எழுதுங்கோ, ஆருக்காவது உதவும்" என்றார்.

அந்த முற்றத்தில் எனக்கு உறைத்த இன்னொரு விடயம் உண்டு. என் கன்னத்திலும் அதே உளைவு இருந்தது. காலையில் எழும்பும்போது இரண்டு கன்னமும் கல்லுப் போல இருக்கும். மாதாந்த அறிக்கை எழுதும் நாட்களில் கூடும். பல் வைத்தியரிடம் போக நேரமில்லை என்று நானும் பனடோலில் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். சமூக சேவையாளர் என்று பெயர். சொந்த உடம்பைப் பற்றி அந்த அக்காவுக்குத் தெரிந்த அளவுதான் எனக்கும் தெரிந்திருந்தது.

எங்கே இருக்கிறது இந்த மூட்டு?

வாசகிகளே, இதை வாசித்துக்கொண்டே சுட்டுவிரலை இரண்டு காதுகளுக்கும் சற்று முன்னால் வைத்து, வாயை மெல்லத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கு அடியில் ஏதோ உருண்டு முன்னால் வருவது தெரியும். அதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடை மண்டையோட்டில் கொளுவியிருக்கும் இடம். முழங்காலைப் போல மடங்கி நிமிர்வதோடு இது நிற்பதில்லை. முதலில் சுழலும், பிறகு மேசை லாச்சியைப் போல முன்னோக்கி வழுக்கும். இரண்டு எலும்புக்கும் நடுவில் ஒரு சின்னத் தட்டு மெத்தை போல இருக்கிறது. அது இடம் விலகினால் "டிக்" என்று சத்தம் கேட்கும். சிலருக்குத் தாடை கொளுவிக்கொள்ளும். சத்தம் மட்டும் கேட்கிறது, நோவில்லை, வாய் நன்றாகத் திறக்கிறது என்றால் வைத்தியம் எதுவும் தேவையில்லை.

பெரும்பாலும் நோவு எலும்பில் இல்லை, தசையில். கன்னத்திலும் நெற்றிப் பொட்டிலும் இருக்கும் மெல்லும் தசைகள் உடம்பிலேயே பலமானவற்றில் சேரும். பேசாமல், சாப்பிடாமல் இருக்கும்போது மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடவே கூடாது. நடுவில் சிறு இடைவெளி இருக்கவேண்டும். நம்மில் எத்தனை பேருக்கு அப்படி இருக்கிறது? இப்போதே கவனியுங்கள். நான் இந்த வரியை எழுதும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. அதிலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில் கூடுதல். நித்திரையில் பல்லை நறநறவென்று கடிப்பது, நித்திரையின்மை, மனப்பாரம், தாடையில் பட்ட அடி, கழுத்து நோ எல்லாம் இதோடு சேர்ந்து வருவன. ஒரு காரணத்தைச் சுட்டி "இதுதான்" என்று சொல்ல முடியாது.

நான் படித்தது சமூகவியல், மருத்துவம் அல்ல. ஆனால் "பல்லைக் கடித்துக்கொண்டு இரு" என்று நம் பெண்களுக்கு எத்தனை தலைமுறையாகச் சொல்லியிருக்கிறோம் என்பது எனக்குத் தெரியும். 2009 தையில் போர் இந்தப் பரந்தன் - முல்லைத்தீவு வீதி வழியே கிழக்கே நகர்ந்தபோது இந்த அக்கா கைக்குழந்தையோடும் ஐந்து வயது மகனோடும் விசுவமடுவை விட்டுப் புறப்பட்டவர். முள்ளிவாய்க்கால் வரை போய், பிறகு செட்டிகுளம் முகாமில் இருந்து, திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் இருந்தது. கணவர் வரவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேலாகத் தனி ஆளாகக் குடும்பத்தை இழுக்கிறார். செவ்வாய்க்கிழமை நுண்கடன் தவணை. மகன் கொழும்பில் வேலை, மகள் உயர்தரம் படிக்கிறாள். "அம்மா படுத்தால் பல்லுக் கடிக்கிற சத்தத்தில எனக்கு நித்திரை வராது அக்கா" என்று அந்தப் பிள்ளைதான் சொன்னாள். அம்மாவுக்கே அது தெரியாது.

மனவைத்திய நிபுணர் தயா சோமசுந்தரம் வடக்கில் போரின் உளப் பாதிப்புகளைப் பற்றி நீண்ட காலம் எழுதியவர். மனதின் காயம் நம் மக்களிடத்தில் பெரும்பாலும் உடல் நோவாகவே வெளிப்படுகிறது என்பதை அவர் எடுத்துக் காட்டியிருக்கிறார். தலையிடி, நெஞ்சுப் பாரம், உடம்பு உளைவு என்றுதான் நம்மவர் கிளினிக்குக்கு வருவார்கள். "எனக்குத் துக்கம்" என்று யார் போய்ச் சொல்வது? இதைச் சொல்வதால் நோவு கற்பனை என்று ஆகிவிடாது. அந்த அக்காவின் கன்னத்தை நான் தொட்டுப் பார்த்தேன். தசை கயிறு போல் முறுக்கி நின்றது.

கிளிநொச்சிப் பயணம்

ஊசி வைத்தியம் என்ற பேச்சை எடுத்தது நான் அல்ல, அவர்தான். வவுனியாவில் இருக்கும் தங்கையின் பக்கத்து வீட்டுக்காரிக்கு முழங்கால் நோவுக்குச் சீன ஊசி போட்டுச் சுகமாம். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் நம்பிக்கை இல்லை என்பதற்குக் காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அதுவும் ஒருவகை மூடநம்பிக்கைதானே.

விசாரித்ததில், ஆங்கில மருத்துவம் படித்துப் பதிவு பெற்ற ஒரு வைத்தியர் அக்குபங்சரும் கற்றவர், சனிக்கிழமைகளில் கிளிநொச்சியில் பார்க்கிறார் என்று அறிந்தோம். தருமபுரம் தாண்டிப் பரந்தன் சந்தி வரை பஸ்ஸில் நின்றுகொண்டு பயணம். குலுக்கல் ஒவ்வொன்றுக்கும் அக்கா நாடியைக் கையில் ஏந்திக்கொண்டார். பரந்தனில் இறங்கி ஏ-9 வீதி பஸ் பிடித்தோம்.

போனவுடன் ஊசி போடுவார் என்று நினைத்தோம். அவர் அன்று ஊசியைத் தொடவே இல்லை. இதுதான் எனக்கு அவர்மேல் முதல் மதிப்பு வரக் காரணம். அரை மணித்தியாலம் கேள்வி கேட்டார். நடக்கும்போது, பாரம் தூக்கும்போது தாடை நோகிறதா? நெஞ்சு இறுக்கம், வியர்வை வருகிறதா? வெற்றிலை போடுவீர்களா? அண்மையில் காயம் ஏதும் பட்டதா? எவ்வளவு குளிசை குடிக்கிறீர்கள்? பிறகு ஒரு சிறு அடிமட்டத்தால் வாய் திறக்கும் அளவை எடுத்தார். 24 மில்லிமீற்றர். வளர்ந்த ஒருவருக்கு 40 மில்லிமீற்றருக்குக் குறையாமல் திறக்கவேண்டும். அடிமட்டம் இல்லாவிட்டால், உங்கள் சொந்தக் கையின் நடு மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு இடையில் வைத்துப் பாருங்கள். நுழைந்தால் சரி. அக்காவுக்கு ஒன்றரை விரல்தான் போனது.

"உடம்பில செல் துண்டு ஏதும் இருக்கா?" என்றும் கேட்டார். இந்தக் கேள்வி வேறு ஊர் வைத்தியப் புத்தகங்களில் முதல் பக்கத்தில் இருக்காது. வன்னியில் கேட்டே ஆகவேண்டும். தோளில் ஒன்று இருக்கிறது. தாடைப் பக்கம் ஏதும் இருந்தால் அந்த இடத்தில் ஊசி போடும்போது கவனம் தேவை. எம்.ஆர்.ஐ. படம் எடுப்பதென்றால் காந்தம் இரும்புத் துண்டை அசைத்துவிடக்கூடும், கட்டாயம் முன்கூட்டியே சொல்லவேண்டும். எனவே முதலில் அரசாங்க வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் காட்டித் தாடை முழுவதற்கும் எக்ஸ்ரே எடுத்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். எடுத்தோம். மூட்டில் எலும்புத் தேய்வு இல்லை. தாடையில் உலோகமும் இல்லை. மீதமிருந்த பற்கள் நல்லவை. பிடுங்கிய இரண்டும்கூட நல்லவையாகத்தான் இருந்திருக்கவேண்டும். அதைக் கேட்டபோது அக்கா ஒன்றும் பேசவில்லை. வீதிக்கு வந்த பிறகுதான், "என்ர பல்லு, ஆரோ ஒருவரைக் கேளாமல் குடுத்திட்டன்" என்றார்.

ஊசி

அடுத்த சனிக்கிழமை தொடங்கியது. ஊசி என்றவுடன் நாம் நினைப்பது மருந்து ஏற்றும் ஊசி. இது அப்படியல்ல. உள்ளே துளை கிடையாது, மருந்தும் கிடையாது. கால் மில்லிமீற்றர் அளவு தடிப்புள்ள மெல்லிய உருக்குக் கம்பி. ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் கிருமி நீக்கி வந்தது. எங்கள் கண் முன்னாலேயே உறையைக் கிழித்தார். காதுக்கு முன்னால் வாய் மூடியிருக்கும்போது தெரியும் பள்ளத்தில் ஒன்று, பல்லைக் கடித்தால் தாடைக் கோணத்தில் புடைக்கும் தசையில் ஒன்று, பிடரியின் அடியில் ஒன்று, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள சதையில் ஒன்று. நோவுகிற பக்கம்தான் முக்கியமாக.

"நுளம்பு கடிச்ச மாதிரி, பிறகு பாரமா ஒரு உளைவு" என்றார் அக்கா. அந்தப் பாரத்தைத்தான் சீன வைத்தியர்கள் ஊசி சரியான இடத்தைப் பிடித்ததற்கு அடையாளமாகக் கொள்கிறார்களாம். கையில் குத்தினால் கன்னத்துக்கு என்ன சம்பந்தம் என்று நான் கேட்டேன். உடம்பில் உயிர்ச்சக்தி ஓடும் பாதைகள் இருக்கின்றன, கையில் தொடங்கும் பாதை முகத்தில் முடிகிறது என்பது சீனத்தின் பழைய விளக்கம் என்றார் வைத்தியர். அப்படியொரு பாதையை உடலை அறுத்துப் பார்த்தவர்கள் கண்டதில்லை என்பதையும் அவரே சொன்னார். ஊசி நரம்பைத் தூண்டும்போது மூளையும் முள்ளந்தண்டும் எண்டோர்பின் போன்ற நோவைத் தணிக்கும் பொருட்களைச் சுரக்கின்றன என்பது இக்கால விளக்கம். குத்திய இடத்திலேயே அடினோசின் என்ற பொருள் கூடி நோவைக் குறைக்கிறது என்று 2010இல் எலிகளில் செய்த அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

இருபது நிமிடம் படுத்திருக்கவேண்டும். நான் வெளியில் கதிரையில் இருந்தேன். எட்டிப் பார்த்தால் அக்கா நல்ல நித்திரை. வாய் சற்றே திறந்திருந்தது.

திரும்பி வரும்போது அவர் சொன்ன ஒன்று எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. "ஊசி வேலை செய்ததோ தெரியாது பிள்ளை. ஆனால் பகலில ஒருத்தரும் கூப்பிடாமல் இருவது நிமிசம் படுத்திருந்தது எப்ப எண்டு யோசிச்சுப் பாத்தன். பிள்ளை பெத்து வாட்டில கிடந்ததுக்குப் பிறகு இல்லை."

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

அந்த வசனத்துக்குள் ஆராய்ச்சியாளர்களை நாற்பது வருடமாகக் குழப்பும் கேள்வி அடங்கியிருக்கிறது என்பது பிறகுதான் விளங்கியது.

1971இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் ஜேம்ஸ் ரெஸ்ரன் சீனாவில் குடல்வால் சத்திரசிகிச்சைக்குப் பின் தனக்கு ஊசி வைத்தியம் செய்யப்பட்டதைப் பற்றி எழுதியதோடு மேற்குலகின் கவனம் இதன்மேல் விழுந்தது. நம் நாட்டில் இதைப் பரப்பியவர் வைத்தியர் அன்ரன் ஜயசூரிய. எழுபதுகளில் சீனா சென்று கற்று வந்து, களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்கு வைத்தியசாலையில் அக்குபங்சர் சிகிச்சை நடத்தினார். அரசாங்க வைத்தியசாலையில் சாதாரண மக்கள் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டார்கள். வெளிநாட்டு வைத்தியர்கள் அங்கே வந்து கற்றுப் போனார்கள். அவர் 2005இல் காலமானார்.

தாடை நோவைப் பொறுத்தவரை, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சுவீடனில் தோமஸ் லிஸ்ட், மார்ட்டி ஹெல்கிமோ என்ற இருவர் ஊசி வைத்தியத்தையும் இரவில் பல்லுக்குப் போடும் பிளாஸ்ரிக் உறையையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் நோவைக் குறைத்தன. சும்மா காத்திருந்தவர்களைவிட இரு பகுதியினரும் நன்றாக இருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட தொகுப்பு முக, தாடை நோவை ஊசியால் பயன் பெறும் நோய்களின் பட்டியலில் சேர்த்தது. பலவீனமான ஆய்வுகளையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள் என்று அந்தத் தொகுப்பு பிறகு கடுமையாகக் கண்டிக்கப்பட்டது.

கேள்வி இதுதான். ஊசி போட்டதால் சுகமா, அல்லது ஊசி போடுகிறார்கள் என்பதால் சுகமா? இதை அறியப் பொய் ஊசி என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். தோலில் முட்டும், உள்ளே போகாது. அல்லது சரியான இடத்துக்குப் பதில் வேறு இடத்தில் குத்துவார்கள். 2002இல் அமெரிக்காவில் வெளியான சிறிய ஆய்வொன்றில் சரியான இடத்தில் குத்தியவர்களுக்கும் பிழையான இடத்தில் குத்தியவர்களுக்கும் கன்னத் தசை நோவு ஒரே மாதிரிக் குறைந்தது. வேறு சில ஆய்வுகளில் உண்மை ஊசி சற்று முன்னே நின்றது. இடைவெளி பெரிது என்று யாரும் சொல்லவில்லை.

அண்மைய கணக்கு 2023 மார்கழியில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்தது. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாக நிறுத்துப் பார்த்து, நாட்பட்ட தாடை நோவுக்கு எது நல்லது என்று வழிகாட்டல் எழுதினார்கள். அதை வாசித்தபோது எனக்கு ஆச்சரியம். உறுதியாகப் பரிந்துரைத்தவை எல்லாம் விலை குறைந்தவை. தாடைக்கும் கழுத்துக்கும் பயிற்சி, தசையைக் கையால் பிடித்து விடுதல், நோவைப் பற்றிய பயத்தையும் பழக்கத்தையும் மாற்றும் உளவளத்துணை, நோயாளிக்கு விளங்கச் சொல்லித் தைரியம் கொடுத்தல். ஊசி வைத்தியம் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. விரும்பினால் செய்து பார்க்கலாம் என்ற அளவில் ஓர் ஆதரவு. பலரும் காசு கொடுத்துச் செய்விக்கும் கழற்றி மாட்டும் பல்லுறையை அவர்கள் அவ்வளவு விரும்பவில்லை. பற்களின் கடியையே நிரந்தரமாக மாற்றும் உறைகளும், மூட்டுத் தட்டை வெட்டி அகற்றுவதும் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஊசியைப் பற்றி என் தனிப்பட்ட முடிவு: முதலாவது மருந்து அல்ல. ஆனால் குளிசைகளை அள்ளி விழுங்கி வயிற்றைப் புண்ணாக்குவதைவிட, நல்ல கையில் கிடைக்குமானால், ஆறேழு தடவை போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆறு தடவையில் மாற்றம் ஒன்றும் தெரியாவிட்டால் ஏழாவதுக்குக் காசு செலவழிக்கவேண்டாம்.

ஊசியிடம் போகக்கூடாத தாடை நோக்கள்

அந்த வைத்தியரின் கேள்விகளுக்குக் காரணம் இருந்தது. நடக்கும்போதோ வேலை செய்யும்போதோ தாடை இறுகி, நெஞ்சுப் பாரம், மூச்சு முட்டு, குளிர் வியர்வை வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். பெண்களுக்கு நெஞ்சு நோவை முந்தித் தாடையும் முதுகும் நோவது உண்டு. பஸ் பார்த்து நிற்காமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வயலில், தோட்டத்தில் காயம் பட்டுச் சில நாட்களில் வாய் இறுகத் தொடங்கினால் அது ஏற்புவலி. அதுவும் உடனே வைத்தியசாலை. காய்ச்சலோடு கன்னம் வீங்கினால் பல்லில் சீழ். ஐம்பது வயதுக்கு மேல் நெற்றிப் பொட்டு நோவு, மெல்லும்போது தாடைக் களைப்பு, கண் மங்கல் சேர்ந்து வந்தால் பார்வையே போகக்கூடிய இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம்.

வெற்றிலை பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். பாக்கை நெடுங்காலம் அதக்கி வைத்திருப்பவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் வெளிறி, விறைத்து, வாய் நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே வரும். காரமும் எரியும். அது மூட்டு நோய் அல்ல. பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. பாக்கே தனியாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அறிவித்தது. நம் தோட்ட வேலை செய்யும் பெண்கள் பசியை அடக்க வெற்றிலை போடுகிறார்கள். அவர்களில் யாருக்காவது வாய் திறப்பது குறைந்தால் முதலில் போகவேண்டியது பல் வைத்தியரிடம். தேவையானால் அவர் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கோ பேராதனைப் பல் வைத்தியசாலைக்கோ கடிதம் தருவார். ஊசிக்காரரிடம் ஆறு வாரம் வீணாக்கினால் அந்த ஆறு வாரம் திரும்ப வராது.

ஊசிக்குப் போவதென்றால், ஆளைப் பற்றிக் கேளுங்கள். சுவரில் தொங்கும் பெரிய சான்றிதழ் போதாது. இலங்கை மருத்துவ சபையிலோ ஆயுர்வேத மருத்துவ சபையிலோ பதிவு இருக்கிறதா? புதிய ஊசியா, உங்கள் முன்னால் உறையைத் திறக்கிறாரா? ஒருவருக்குப் போட்டதை மற்றவருக்குப் போட்டால் ஈரல் அழற்சியும் எயிட்ஸும் வரலாம். கர்ப்பிணியாக இருந்தால், இரத்தம் உறையாமலிருக்கும் குளிசை குடித்தால், இதயத்தில் கருவி பொருத்தியிருந்தால் முதலே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்குக் கைப் பெருவிரல் புள்ளியில் குத்துவதில்லை. நெஞ்சிலோ தோளின் மேற்புறத்திலோ ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் பட வாய்ப்புண்டு என்பதும் தெரிந்திருக்கட்டும்.

ஆறு சனிக்கிழமைகள்

மூன்றாவது ஊசிக்குப் பிறகு அக்கா இடியப்பத்தைப் பிய்க்காமல் சாப்பிட்டார். நாலாவது சனிக்கிழமை பிந்திவிட்டது, செவ்வாய்த் தவணைக்கு வைத்த காசில் கைவைக்க முடியவில்லை. அந்த வாரம் நோவும் கூடியது. கடன் சேகரிக்க வரும் பொடியனின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே தாடை இறுகுவதை அவரே கவனித்திருக்கிறார். "இப்ப தெரியுது பிள்ளை, நான் கடிக்கிறது எப்ப எண்டு" என்றார். இதை எந்த ஊசி கண்டுபிடித்திருக்கும்?

வைத்தியர் வீட்டில் செய்யச் சொன்னவை ஊசியைவிட அதிகம். 'ன' என்று சொல்லும்போது நாக்கு நுனி எங்கே தொடுகிறதோ அங்கே நாக்கை வைத்து, உதடு மூடி, பல்லைத் தொடவிடாமல் இருப்பது. அதே இடத்தில் நாக்கை வைத்தபடி வாயைக் கண்ணாடி பார்த்து நேராகத் திறந்து மூடுவது, ஆறு தடவை, நாளுக்கு ஆறு முறை. கன்னத்துக்கு உப்போ தவிடோ வறுத்துத் துணியில் கட்டி இளஞ்சூட்டில் பத்து நிமிடம் ஒத்தணம். கொட்டாவி வந்தால் நாடிக்குக் கீழே முஷ்டியை வைத்துக்கொள்வது. தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொண்டு சமைக்காதது. ஒடியல், முறுக்கு, வறுத்த கடலை சில வாரம் வேண்டாம். ஆனால் கஞ்சியிலேயே கிடக்கவும் வேண்டாம். மென்மையான புட்டு, பருப்பு, முட்டை, மீன் என்று உடம்புக்குச் சத்துள்ளதைச் சாப்பிடவேண்டும். வேலியில் நினைவுக்கு ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார் அக்கா. அதைக் காணும்போதெல்லாம் பல்லை விலக்கவேண்டும் என்பது ஏற்பாடு. நான் என் மேசையில் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டியிருக்கிறேன். ஊசி போடாமலே என் கன்னம் பாதி இளகியது.

ஆறாவது சனிக்கிழமை அடிமட்டம் 36 காட்டியது. நோவு முழுதாகப் போய்விடவில்லை. ஏழாவதுக்குப் போகவில்லை, போகத் தேவையில்லை என்று வைத்தியரே சொன்னார். வாரத்தில் இரண்டு நாள், முக்கியமாகத் திங்கள் இரவு, உளைவு வரும் என்றார் அக்கா. தவணையை மாதமொரு முறையாக மாற்றித் தரும்படி சங்கத்தில் எட்டுப் பேர் சேர்ந்து கடிதம் எழுதியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.

போன கிழமை கூட்டத்துக்கு அவர் ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கச்சான் கொண்டுவந்தார். மற்றவர்களுக்கு மணலில் வறுத்தது. தனக்கு ஒரு கிண்ணத்தில் உப்புப் போட்டு அவித்தது. ஒவ்வொன்றாக உரித்து, வலது பக்கமும் இடது பக்கமும் மாறி மாறி மென்றுகொண்டே பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார்.